அலைவரிசை ஆறு

மூன்று நாளாக இப்படித்தான்.
விளக்கு பச்சையாகிறது, ஆரஞ்சாகிறது,
பிறகு எதையோ யோசிப்பதுபோல்
இருட்டாக நிற்கிறது.

அணைத்து, முப்பது எண்ணி, போடுங்கள் என்றாள்
ரீகாவிலிருந்து கம்பெனிப் பெண்.
எண்ணினேன்.
இருபத்தேழில் தெருவில் டிராம் கிறீச்சிட்டு
எண்ணிக்கை விட்டுப்போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.

கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
ரௌட்டரை ஹீட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்து
அலமாரியின் தலையில் ஏற்றினேன்.
நான்கு கோடும் இருக்கிறது,
பக்கம் மட்டும் திறப்பதில்லை.
மீன் ஆலையின் ஜனவரிக் கணக்கு
அறுபத்திரண்டு சதவீதத்தில் உறைந்து கிடக்கிறது,
வெளியே லியெபாயாத் துறைமுகம்போல.

அலைகளைப் படம் போட்டுக் காட்டும் செயலியொன்றை
போனில் இறக்கினேன்.
பதினேழு வீட்டு வளைவுகள்,
எல்லாம் ஆறாம் அலைவரிசையில்,
எள் போட இடமில்லை.
ஒன்றில் ஈ காக்கை கிடையாது.
என் பெட்டியை நகர்த்த முடியாது,
கம்பெனி பூட்டி அனுப்பியது.
என் வளைவின்மேல்
கூடாரம்போல் கவிழ்ந்திருப்பது:
"நாயைக் கட்டு".

மாடிவீட்டு ஏவால்ட்ஸ்.
லிப்டைப் பார்த்து ஊபிஸ் குரைத்த காலத்தில்
படிக்கட்டில் பேசுவதை நிறுத்திவிட்டு
இந்தப் பெயரை வைத்தார்.
கட்டிடமே படித்தது.
நானும் சும்மா இல்லை,
என்னுடையதற்கு "காதைப் பொத்து" என்று வைத்தேன்.

நவம்பரில் ஊபிஸ் செத்துப்போனான்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஏறிப்போய் மணி அடித்தேன்.
கம்பளிச் சாக்ஸ், கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி.
"எனக்கும் வரலை" என்றார், நான் வாய் திறக்குமுன்.
பெட்டியை வைத்துக்கொடுத்த மகன் டப்ளினில்.
கடவுச்சொல் பெட்டியின் அடிவயிற்றில், தூசிக்குள்.
அவர் கண்ணாடியையே வாங்கிப் போட்டுக்கொண்டு படித்தேன்.
ஆறை அழித்தேன். ஒன்று.

அதற்குக் கீழே, பெயருக்கான கட்டம்.
இருவரும் பார்த்தோம்.
"கொஞ்ச நாளாச் சத்தமே காணோமே" என்றார்.
"ஆமா."
கத்தியை மேசைமேல் வைத்தார்.
"மாத்திடலாமா?"
"என்னன்னு?"
அவருக்கும் தெரியவில்லை.
உருளைக்கிழங்கு நாலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

கணக்கு போய்ச் சேர்ந்தது.
ராத்திரி பதினொன்றுக்கு
வைஃபை பட்டியலைத் திறக்கிறேன்.
காரணமில்லை.
லிப்ட் ஏறுகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது.
நாயைக் கட்டு என்கிறது மாடிவீடு,
நான்கு கோட்டில்.