இருவர் தூக்கவும்

டண்டினோங், காலை ஐந்தே முக்கால்.
பெற்றோல் ஷெட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள்
மீற் பைகள் நேற்றிரவிலிருந்து குளிர்காய்கின்றன.
எனக்கு ஒன்று. உதயசீலனுக்கு இரண்டு.
அரை லீற்றர் ஐஸ் கோப்பி.
பின்னேரக் களைப்புக்கென்று
நீல நிறத்தில் ஒரு தகரப் பானம்.
இடுப்புப் பட்டியை இறுக்கியபடி சொல்வான்:
"பத்து மணிக்குள்ள எல்லாம் எரிஞ்சு போயிடும்.
எங்களுக்கு ஜிம் எதுக்கு மச்சான்?
ஜிம்முக்கே சாமான் ஏத்திறது நாங்கள்தானே."

உண்மைதான்.
போன மாதம் ஒரு ஜிம்மைக் கழற்றி
பெர்விக்கில் கொண்டுபோய் இறக்கினோம்.
ஓடுகிற மெஷின் நூற்று முப்பது கிலோ.
அது நின்றது, நாங்கள் ஓடினோம்.

வீடு மாறுகிறவர்களின் பிரிட்ஜுகளை
கட்டிப்பிடித்து அறிந்தவன் நான்.
தூராக்கில் ஒருவர் கணக்காளர்.
கதவில் காந்தம் குத்திய தாளை
எடுக்க மறந்துபோனார்.
என் மூக்கிலிருந்து ஒரு சாண்.
படித்துக்கொண்டே படி இறங்கினேன்:
ஒரு படியில் திங்கள், மீன்.
அடுத்ததில் செவ்வாய், பருப்பு.
புதன் கீரை, உப்பில்லாமல்.
வியாழனில் கால் தடுக்கப் பார்த்தது.
கீழே வந்தபோது கணக்காளர்
தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், நல்ல மனுசன்.
ஐம்பத்தெட்டு வயதாம்,
என் தம்பி மாதிரி இருந்தார்.

ஆனி மாதம். பிரஸ்டனில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
சலவை மெஷின்.
நான் மேலே, அவன் கீழே.
கீழே நிற்பவனுக்குத்தான் பாரம்.
இரண்டாம் வளைவில்
"ஒருக்கா வை" என்றான்.
எட்டு வருடத்தில் கேட்டிராத சொல்.
சுவரில் கீறல் விழாமல் இறக்கி வைத்தான்,
பிறகுதான் படியில் இருந்தான்.
மூச்சு புகையாய்ப் போகும் குளிரில்
சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.
"காஸ்தான்" என்றான்.
இடது கையை
அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தான்.

அம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் ஏற வழியில்லை,
மெஷின் குறுக்கே.
அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர்,
இரண்டு ஆள் படம்: இருவர் தூக்கவும்.
நான் தனியாகத் தூக்கினேன்.
பதினொரு படி.
எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.
நெஞ்சுக்குள் ஒன்று
நாற்பத்தாறு வருடமாய்த் தனியே தூக்குவதை
அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

இரண்டு குழாய் அடைப்பு. மூன்றாவது பாதி.
டொக்டர் பெண் பிள்ளை, பொறுமைசாலி.
வேலை வேறு, பயிற்சி வேறு என்றாள்.
பயிற்சியில் ஏறுகிற அழுத்தம் இறங்கிவிடுமாம்.
உங்கள் வேலையில்
பத்து மணித்தியாலம் ஏறியபடியே நிற்குமாம்,
அதன்மேல் உப்பு, அதன்மேல் கொழுப்பு.
உதயசீலன் கேட்டான்:
"அப்ப, நான் இவ்வளவு நாளும் தூக்கினது?"
போனில் மொழிபெயர்த்த பெண்
அதைச் சொல்லாமல் சற்று நேரம் இருந்தாள்.

சாப்பாட்டுத் தாள் ஒன்று தந்தார்கள்.
ஆறு நேரம், கொஞ்சம் கொஞ்சமாக, சூடாக.
எங்களுக்கு இடைவேளை பத்து நிமிடம்.
லொறியில் அடுப்பில்லை.
உழைத்த நாளுக்குத்தான் சம்பளம்,
படுத்த நாளுக்கு இல்லை.
இதற்கெல்லாம் தாளில் இடமில்லை.

இப்போது என்னோடு சியோனே, தொங்காப் பெடியன்,
இருபத்து மூன்று வயது, சுவர் மாதிரித் தோள்.
பைக்குள் அவித்த கடலை இருக்கிறது,
மனைவி வைத்தது.
கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்
இரண்டில் ஒன்றை நீட்டுகிறான்.
சில நாள் வேண்டாம் என்கிறேன்.
சில நாள் குளிராக இருக்கிறது.

நேற்று உதயசீலன் போன் எடுத்தான்.
தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார்களாம்,
வாய்க்கால் ஓரமாய், மெதுவாக, ஒன்றும் சுமக்காமல்.
"நடக்கிறன் மச்சான்," என்றான்,
"கையை எங்க வைக்கிறதெண்டுதான் தெரியேல்ல."