இருபத்தோராவது

கொருக்குப்பேட்டை கேட்டு மூடியிருக்கிறது.
மணலியிலிருந்து டேங்கர் கூட்ஸ்,
நாற்பது எண்ணியும் வால் வரவில்லை.
ஷேர் ஆட்டோவில் என் பக்கத்து இடம் மட்டும் காலி.
என் கையில் நாற்றம்:
அழுகின முள்ளங்கி, நசுக்கின பூண்டு,
அப்புறம் இன்னதென்று சொல்லவராத ஒன்று.
மீன்கூடையோடு ஏறிய காசிமேட்டு அம்மாவே
முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள்.
அவளிடம் எப்படிச் சொல்ல,
அவள் கூடைச் சூரையிலும் இது இருக்கிறது,
இம்மியிலும் இம்மியாக, மணக்காமல்.

செலினோசிஸ்டீன்.
சிஸ்டீனில் கந்தகம் உட்கார்ந்த இடத்தில்
செலினியம் உட்கார்ந்தால் அந்தப் பெயர்.
தனிம அட்டவணையில் ஒரு வரிசை கீழே,
அதே வீட்டின் கீழ்ப்போர்ஷன்.
கொஞ்சம் பெரிய உடம்பு, கொஞ்சம் தளர்ந்த பிடி.
கந்தகம் தன் புரோட்டானை விட யோசிக்கும்.
இது எப்போதோ விட்டுவிட்டு
வெறுங்கையோடு நிற்கும், வேலைக்கு.
பெராக்சைடைத் தண்ணீராக்குகிற வேலை.
துரு ஏறும், உதறிவிட்டு எழும்,
மறுபடி ஏறும், மறுபடி.
கந்தகத்துக்கு மிஞ்சி ஏறினால் மீட்சி கிடையாது.

மாதவரம் ஆய்வுக்கூடத்தில்
பதினோரு வருஷமாக நானும் மெஹராஜும்
இதைப் புரதத்தில் கோத்துப் பார்க்கிறோம்.
இதன் பங்காளி செலினோமெத்தியோனைனை
பாக்டீரியாவுக்குப் போட்டால்
வித்தியாசம் தெரியாமல் தின்றுவிடும்.
பிறகு படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சினால்
புரதத்தின் மடிப்பு மடிப்பாய் அந்த அணு மட்டும்
இருட்டில் பீடி நுனி.
அதை வைத்து மிச்ச உருவத்தைக் கண்டுபிடிப்போம்.

மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள்,
கடல் தாண்டி, முப்பத்தைந்தாயிரம் ஆண்களைச் சேர்த்து.
புற்றுநோய் மசியவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.
மெஹராஜின் அத்தா யார் பேச்சையோ கேட்டு
வேளைக்கு நாலு முழுங்கினார்,
நகம் உடைந்தது, மயிர் கொத்துக்கொத்தாய்.
மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே
ஒரு தண்டவாள அகலம்கூட இல்லை.

எனக்குப் பிடித்தது இதன் பிறப்பு.
மற்றவை தயாராகி வந்து வண்டி ஏறும்.
இது வண்டியிலேயே பிறக்கும்.
செரீன் என்று ஏறியது
போகிற வழியில் இதுவாகிவிடும்.
இறங்குகிற இடத்திலோ மூன்றெழுத்துப் பலகை:
யு, ஜி, ஏ.
அர்த்தம், நில்.
வாசித்துவந்த ரைபோசோம் கலைந்து போகவேண்டும்.
ஆனால் வாக்கியமெல்லாம் முடிந்து வெகுதூரம் தள்ளி
யாரும் படிக்காத வாலில்
கொண்டை ஊசியாய் ஒரு மடிப்பு கிடக்கிறது.
அங்கே நிற்காதே, வா என்கிறது அது.

இதே கேட்டில் ஒரு மார்கழி ராத்திரி
என் தங்கை ஏகவல்லிக்கு
ஆட்டோவிலேயே பனிக்குடம் உடைந்தது.
ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.
கேட்கீப்பர் தேசப்பன் போனைக் காதில் வைத்தபடி
கையை விரித்தார்: "சிக்னல் குத்தாச்சும்மா."
யார் யாரோ புடவை பிடித்தார்கள்.
தள்ளுவண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு
டார்ச் அடித்தார்.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு தாண்டும்போது
இந்தப் பக்கம் ஒரு ஆள் கூடியிருந்தது.

ரேஷன் கார்டில் யுகேந்திரன்.
தெருவில் கேட்டு.
"டேய் கேட்டு, பால் வாங்கியாடா."

பத்து வயசாகிறது.
போன ஞாயிறு என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன்,
இதுக்கு ஒத்தை எழுத்தில் சுருக்கப் பேர் யு, உன் பேர் மாதிரி.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அது ஏன் பெரிம்மா நாறுது?"
பதில் தெரியும். சொல்லவில்லை.

வால் தெரிகிறது.
கேட்டு தூக்குமுன்பே
சைக்கிள்காரர்கள் குனிந்து நுழைய ஆரம்பித்துவிட்டார்கள்.