பத்துக் கிலோவுக்குக் கீழே

பதினொன்றே கால். ஆலை வாசலில் ஏழு லோரி.
பகாவ் ரோடு வரைக்கும்
செம்பனைக் குலைகளின் ஈரப் புளிப்பு.
எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து
உப்பு மாங்காய் மென்றுகொண்டிருந்தேன்.
கூடாது, தெரியும்.
அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்:
கடலை, முறுக்கு, கரும்பு, ஐஸ் கட்டி.
மாங்காயைச் சேர்க்கவில்லையே என்று
எனக்கு நானே வக்கீல்.

டிக்.

மேல்வரிசை, வலது கோடி.
பிராக்கெட் கழன்று நாக்கில் விழுந்தது,
சோற்றில் அகப்பட்ட கல் மாதிரி.
பிடி விட்ட கம்பி நுனி
கன்னத்துக்குள் இறங்கியது.

முப்பத்தெட்டு வயதில் போட்ட கம்பி.
மாதம் இருநூறு ரிங்கிட், இருபத்து நாலு தவணை.
"கல்யாணமா, மிஸ்?" என்ற டிரைவர்களுக்கெல்லாம்
"கடிக்க" என்று சொல்லியிருந்தேன்.
இப்போது எச்சில் விழுங்கினால் குத்து.
"எட்டு" என்றால் குத்து.
என் வேலையில்
எட்டு என்று சொல்லாமல் எப்படி?

செரம்பான் கிளினிக் செவ்வாய்தான் திறக்கும்.
அவசர எண்ணுக்கு எழுதினேன்.
டாக்டர் ஹுய் லிங் தூங்கவில்லை போல.
*மூச்சுத் திணறுகிறதா?*
இல்லை.
*முகம் வீங்கியிருக்கிறதா?*
இல்லை.
*ரத்தம்?*
கொஞ்சம். மாங்காய் உப்பும் சேர்ந்து எரிகிறது.
*அப்படியானால் ஓடிவர வேண்டாம். மெழுகு வையுங்கள்.*

மெழுகு இன்னொரு கைப்பையில்.
அந்தக் கைப்பை வீட்டில்.
வீடு பதினான்கு கிலோமீட்டரில்.

*ரப்பர் வைத்த பென்சில்?*

பென்சிலா?
காதிலேயே இருக்கிறது.
ஒன்பது வருடமாக
அடுத்தவர் பாரத்தை எழுதி அழிக்கும் பென்சில்.

கூண்டில் கண்ணாடி இல்லை.
மேடைமேல் நின்றது பாக் சாலேயின் லோரி.
நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து
ஒன்றும் கேட்காமல்
பக்கக் கண்ணாடியைக் கீழே திருப்பினார்.
படியில் ஏறி வாயைத் திறந்தேன்.
கைப்பேசி வெளிச்சம் அவர் பிடித்தார்,
முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு.
ஈசல் ஒன்று பல்லைத் தொட்டுப் போனது.
ரப்பரைக் கழுவியிருந்தேன்.
நுனியை மெல்ல, மெல்ல,
பல்லோரம் படிய அழுத்தினேன்.
கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.
பின்னால் ஆறு லோரி ஹார்ன் அடித்தது.
"சபார்லா!" என்று கத்தினார் பாக் சாலே.
கத்தியபோது பார்த்தேன்,
அவருக்கு முன்பல் இரண்டு இல்லை.

கம்பி படிந்தது.
படியிலிருந்து எட்டிப் பார்த்தால்
திரையில் பதிமூவாயிரத்து நானூற்று எண்பது.
அதில் அறுபது நான்.
இறங்கி வந்து மறுபடி எடுத்தேன்.
பதிமூவாயிரத்து நானூற்று இருபது.

இந்த மேடை
பத்துக் கிலோவுக்குக் குறைந்ததைக் கண்டுகொள்ளாது.
ஒரு பழம் உதிர்ந்தாலும் அசையாது,
பூனை படுத்தாலும் அசையாது.
ஒரு மயிர்க் கம்பியை
என்னவென்று காட்டும்?

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.
பிராக்கெட்டைத் தொலைக்காமல்
பாழான எடைச்சீட்டில் மடித்துப் பையில் வைத்தேன்.
அடுத்த லோரி வந்தது.
எட்டு என்றேன்.
வலித்தது, ஆனால்
சொல்ல முடிகிற வலி.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சீட்டைப் பிரித்து
பிராக்கெட்டை இடுக்கியால் எடுத்தார்.
பிறகு எழுத்தைப் படித்தார்:
*மொத்த எடை 13,480.*
என் வாயைப் பார்த்தார்.
மறுபடி சீட்டைப் பார்த்தார்.
"மாங்காயா?" என்றார்.
வாய் திறந்திருந்ததால்
பதில் சொல்ல முடியவில்லை.
நல்லவேளை.