வெள்ளை ரொட்டி

கிரைனுக்கு ஆறு வயது முடிந்திருந்தது.
கோட்டையும் பூட்ஸையும் சேர்த்து நிறுத்தால் பதினொரு கிலோ.
வயிறு மட்டும்
யாரோ பணக்கார வீட்டுப் பையனுடையதைப்
பிடுங்கி ஒட்டவைத்தது மாதிரி.

போருக்கு முன்பு டாக்டர் ஒப்தாம்
வாழைப்பழம் கொடுங்கள் என்றார்.
ஏன் என்று அவருக்கும் தெரியாது.
கொடுத்தோம், தேறினான்.
பிறகு ஜெர்மன்காரன் வந்தான், கப்பல் வரவில்லை.
வாழைப்பழம் என்ற சொல்லை அம்மா
செத்துப்போன சொந்தக்காரர் பெயரைப் போலத்
தணிந்த குரலில்தான் சொல்வாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில்
பாசம் என்றால்
ரொட்டியை அவன் பக்கம் நகர்த்துவது.
அப்பா நகர்த்துவார். அம்மா நகர்த்துவாள்.
நகர்த்திவிட்டு இருவரும் என் தட்டைப் பார்ப்பார்கள்.
"நீ பெரியவள், ஆல்ட்யா."
எனக்குப் பதினொன்று.

மோதிரம் போனது, மூன்று கிலோ கோதுமை மாவுக்கு.
அப்பாவைக் கேட்கவில்லை அம்மா.
கேட்டிருந்தாலும் பலகைக்கு அடியிலிருந்துதான்
பதில் வந்திருக்கும்:
ஆள்பிடிக்கும் லாரி ஹார்லத்துக்குள் நுழைந்தால்
சமையலறைத் தரைக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வார்.
அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்ற இரவு
தரைக்கு மேலே கிரைனின் அலறல்,
தரைக்குக் கீழே வாயைப் பொத்திய இருமல்.
அம்மா இரண்டுக்கும் நடுவே
ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பரில் ஒருநாள்
அவன் தலையணை அருகே வைத்திருந்த துண்டை
நான் தின்றுவிட்டேன்.
மெல்லக்கூட இல்லை.
அன்றிரவு அவன் அழவில்லை.
அழத் தெம்பில்லை போலும் என்று
விடியும்வரை அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு
படுத்திருந்தேன்.

ஜனவரியில் கோதுமை அடியோடு நின்றது.
டூலிப் கிழங்கு தின்றோம்.
உரித்து, இரண்டாகப் பிளந்து,
நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்தைக் கிள்ளி எறியவேண்டும், அது விஷம்.
எனக்குப் பல் ஆடியது. அம்மாவின் பாவாடை
கயிறு கட்டியும் நழுவியது.
கிரைனுக்குக் கன்னம் வைத்தது.
ஒருநாள் படியில் தானாக ஏறினான்.
ஒருநாள் விசிலடித்தான்.

முதலில் சந்தோஷப்பட்டோம்.
பிறகு சித்தி கேட்டாள்,
"அக்கா, எந்த முகாம் சமையற்காரன் கொடுக்கிறான்?"
கேட்டவள் பிறகு வரவில்லை.
எதிர்வீட்டுக்காரி எங்கள் புகைபோக்கியையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிப்ரவரியில் ஓர் இரவு
பலகைக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல்:
"கேஸ்யா, அவனுக்கு யார் தருகிறார்கள்?"
அம்மா பதில் சொல்லவில்லை.
பலகைமேல் நாற்காலியை இழுத்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து
கிழங்கு உரித்தாள்.

மாதக் கடைசியில் ஸ்வீடனிலிருந்து கப்பல்.
வெள்ளை ரொட்டி. தெருவே அழுதது.
முதல் துண்டு யாருக்கு என்று
எங்கள் வீட்டில் யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.
இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான்,
கண்ணை மூடிக்கொண்டு.

நான்காம் நாள் வயிறு போனது.
பத்தாம் நாள் கன்னம் போனது.
அம்மா மிச்ச ரொட்டியைக் கையிலெடுத்து
வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்,
கள்ள நோட்டைப் பார்ப்பது போல.
பிறகு, வேறென்ன செய்வாள்,
இன்னொரு துண்டு வெட்டினாள்.

போர் முடிந்து வெகுகாலம் கழித்து
ஓர் இளம் டாக்டர் சொன்னார்: கோதுமைதான்.
வீட்டுக்கு வந்து நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.
மோதிரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
பலகைக்கு அடியிலிருந்து கேட்ட கேள்வியைப் பற்றியும்.
நான் திருடிய அந்தத் துண்டைச் சொல்லிவிடலாம்,
இப்போது அது பாவமா புண்ணியமா
என்று கேட்டுவிடலாம் என
வாயைத் திறந்தேன்.
அப்பா, பழக்கத்தில்,
ரொட்டித் தட்டைக் கிரைன் பக்கம்
நகர்த்திக்கொண்டிருந்தார்.
பாதியில் நின்றது கை.