மூன்று கிலோ இருநூறு

பிடரி மயிரைப் பிரித்தால்
ஒரு கோடு தெரியும்,
இளஞ்சிவப்பாக.
அவள் நாக்கு எட்டாத இடம்.
மயிரில் அல்ல, அந்தத் தோலில் விட வேண்டும்.
இப்போது தெரியும்.

போன சித்திரையில் தெரியாது.

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் முடிந்து
ஜெலுத்தோங் வீட்டுக்குள் கால் வைத்ததும்
கணுக்காலில் கடி.
வெள்ளைக் காலுறை போட்டுக் கூடத்தில் நடந்து
ஏறிய கறுப்புப் புள்ளிகளை எண்ணினேன்.
பதினேழு தெள்ளு.

தம்பி குணேந்திரன் ஐஸ் பெட்டியின் மேல் துழாவினான்.
கப்பலுக்கு வாங்கிய குப்பியில் பாதி மீதம்.
"நாற்பது வெள்ளி மருந்து, தூக்கியா போடுவது?
ரெண்டுக்கும் ஒரே தெள்ளுதானே அக்கா."

ஒரே தெள்ளுதான்.

கப்பல், படகுத்துறையில் கிடைத்த நாய்.
இருபத்தொரு கிலோ.
இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும்.
ஊறுகாய், யாரும் தராமல் தானே வந்த பூனை.
மீன் தலையை விட்டுவிட்டு
ஊறுகாய் பாட்டிலின் மூடியை நக்கியவள்.
கப்பலின் வயிற்றில் முதுகு சாய்த்துத்தான் தூக்கம்.

குப்பி வந்த அட்டையில்
பூனைப் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு இருந்திருக்கும்.
அட்டையை வாங்கிய அன்றே எறிந்துவிட்டோம்.

துளி துளியாக, கை நடுங்காமல்,
நான்தான் விட்டேன்.

முதலில் காது துடித்தது.
ஈ என்று நினைத்தேன்.
பிறகு மீசை.
பிறகு முன்னங்காலை உதறினாள்,
ஈரத்தில் மிதித்தவள் போல. தரை காய்ந்திருந்தது.

தொலைபேசியில் டாக்டர் தியோ மலாயில் கேட்டார்:
குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?
எழுத்து எழுத்தாகப் படித்தேன்.
பெர்மெத்ரின்.
அந்தப் பக்கம் ஒரு மூச்சு.
நாய்க்கு உள்ளது அது. பூனையின் ஈரலுக்கு
அதை உடைக்கத் தெரியாது.
நிற்கிறாளா?
நிற்கிறாள்.
அப்படியானால் பிடரியைக் கழுவு,
பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர்,
சூடு கூடாது, துடைத்துச் சுற்றி உடனே கிளம்பு.
குப்பியையும் கொண்டு வா.

பக்கத்து வீட்டு காக் ரொஹானா
இரவு உடையின் மேல் தூடோங் மாட்டிக்கொண்டு
தன் காரை எடுத்தாள்.
மழை. ஒவ்வொரு விளக்கும் சிவப்பு.
துண்டுக்குள் ஊறுகாய் முழுவதும் அதிர்ந்தாள்,
லாரி போகும்போது சன்னல் கண்ணாடி அதிருமே
அப்படி.
லாரி மட்டும் போய் முடியவில்லை.
ரொஹானாவின் உதடுகள் எதையோ ஓதின.
எனக்கு ஒரு தேவாரமும் நினைவுக்கு வரவில்லை.
சோப்பின் எலுமிச்சை வாசம்தான் வந்தது.

தராசில் வைத்தார்கள்.
மூன்று கிலோ இருநூறு.
எங்களோடு நான்கு வருடம் இருந்தவளின் எடையை
அன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

ஊசி, குழாய், இரண்டு இரவு.
எண்ணூற்று அறுபது வெள்ளி.
குணேந்திரன் மூன்று தவணையாகக் கட்டினான்.
மூன்று தடவையும் ரசீதை மடித்து
ஐஸ் பெட்டியின் மேல் வைத்தான், பேசாமல்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு
அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவேன்.
பிறகு நான் மட்டும்.
கழித்தால் அவள்.
அவளுக்கென்று எழுதித் தந்த மருந்து, அவள் எடைக்கு.
கப்பலுக்கு வேறு அட்டை, வேறு அலமாரி.
டாக்டர் அவனுக்கும் மருந்தை மாற்றிவிட்டார்.
இருந்தாலும் காயும்வரை வேறு வேறு அறை.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூக்கு,
கீழே இடுக்கு வழியாக அவள் ஒரு பாதம்.
குளிப்பாட்டுவதில்லை, இரண்டு நாள்.
காலி அட்டைகளைக் குணேந்திரன் எறிய விடுவதில்லை.
சோற்றுப்பானை விளக்கக் குறிப்பையும்
சேர்த்து வைக்கிறான், பைத்தியம்.

துளி தோலில் பட்டதும்
ஊறுகாய் ஒருமுறை சிலிர்ப்பாள்.
குளிர்ச்சிதான்.
குளிர்ச்சிதான் என்று தெரியும்.
ஆனாலும் மூடியை மூடாமல்
அவள் காதையே பார்த்துக்கொண்டு
நின்றுகொண்டிருப்பேன்,
வெளியே ரொட்டிக்காரன் மணியடித்துப்
போய்விடும்வரை.