நடுத்தூண்

அப்பா வீட்டைப் பிரித்தபோது
ஓட்டுக்கு ஓடு எண்ணினார்.
கிணறு பொது. முருங்கை பொது.
விறாந்தைக்கு மட்டும்
ஐந்து தூணில் மூன்றாவதைத் தட்டி
"இந்தா, இதுதான் எல்லை" என்றார்.
விறாந்தைக்கு இருப்பது ஒரேயொரு பிளக் பொயின்ற் என்று
அவருக்கும் தோன்றவில்லை,
உறுதி எழுதிய நொத்தாரிசுக்கும் தோன்றவில்லை.
அது அண்ணன் பக்கம்.

பதினேழு நத்தாருக்கு அதனால் ஒரு குறையுமில்லை.
அண்ணன் ஏணியில் ஏறுவார்,
நான் கீழே நின்று வயர் விடுவேன்.
தாண்டவன்வெளிக்குப் புதிதாய் வருகிறவர்கள்
எங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான்
ஒழுங்கைக்குள் திரும்புவார்கள்.

போன சித்திரையில் அண்ணன்
வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
இரண்டாம் தரம் ஞானஸ்நானம் எடுத்தார்.
பெயர் செபமாலை. கையில் இப்போது செபமாலை இல்லை.
சுரூபங்களைப் பழஞ்சாரத்தில் சுற்றி
எங்கள் பக்கம் வைத்துவிட்டு
"நட்சத்திரம், குடில், எல்லாம் உலகத்துக்குரியது தம்பி" என்றார்.
சண்டையில்லை. அதுதான் கரைச்சல்.
சண்டையென்றால் தூணைத் தாண்டி ஏசலாம்.

மார்கழி. மூன்று நாளாய் விடாத மழை.
மஹ்ரூப் நானா நூறு பல்ப் செற்றை
எரித்துக் காட்டி, பெட்டிக்குள் மடித்து,
"பிறகு வந்து எரியல்ல எண்டு நிக்கப்படாது" என்றார்.
நூறும் ஐந்து தூணுக்குக் கணக்காய் வரும்.
மூன்றாவதோடு நிறுத்தினால் பாதி மிச்சம்.
"தூணிலயே சுத்துவம் அப்பா" என்றாள் ஷெறின்.
சுற்றினோம்.
காய்ச்சல் பிள்ளைக்கு
மூன்று சட்டை போட்ட மாதிரி
நின்றது நடுத்தூண்.

சீமெந்துப் பையைக் கசக்கிக் கரி பூசினால்
பெத்லகேம் மலை.
வவுணதீவு வைக்கோல், மழை பட்டுப் புளித்த மணம்.
ஒட்டகத்தின் இல்லாத காலுக்குத் தீப்பெட்டி முட்டு.
சாரத்துக்குள்ளிருந்து வந்த அண்ணனின் சூசையப்பர்
குடிலை விட உயரம்.
ஏற்கனவே உள்ளே ஒரு சூசையப்பர்.
இவரை வெளியே
இடையர்களோடு நிற்கவைத்தோம்.

கரண்டுக்கு, யன்னலால் வயர் இழுத்தேன்.
வயரால் யன்னல் பூட்டவில்லை,
யன்னலால் நுளம்பு,
நுளம்பால் ஜெசிந்தா,
ஜெசிந்தாவால் நான்,
இரவு பத்தரைக்கு விறாந்தையில்.

அண்ணனின் கதவு திறந்தது.
செருப்பில்லாமல் வந்து
மூன்றாம் தூணடியில் குனிந்து பார்த்தார்.
"மூட்டில தூவானம் அடிக்குது."
உள்ளே போனார். படுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
திரும்பி வந்தார்,
கையில் ஒரு சொப்பிங் பேக், ஒரு றப்பர் வளையம்.
என் வயரைப் பிடுங்கினார்.

நட்சத்திரம், தூண், மலை, எல்லாம் போனது.
தவளைச் சத்தம் மட்டும்.
அந்த இருட்டுக்குள்
நான் சொல்ல இருந்தது நல்ல சொல்லில்லை.
வாய் திறப்பதற்குள்
அவர் பக்கத்துச் சுவரில் டிக் என்றது.
நூறு பல்பும் வந்தன.
பிளக்கின் மேல் பேக்கைக் கவிழ்த்து
வளையத்தை இரண்டு சுற்றுப் போட்டார்.

"எரியட்டும் எண்டு செய்யல்ல.
ஷோர்ட் ஆகப்படாது, அதுக்குத்தான்."
"ஓம் அண்ணா."
"யன்னலைப் பூட்டு."

அவர் பாதியில் ஒரு பல்பும் இல்லை.
ஆனால் முற்றம் முழுக்க வெள்ளம்.
வெள்ளத்துக்கு யாரும் உறுதி எழுதவில்லை,
சிவப்பும் பச்சையும்
அவருடைய படி வரைக்கும் மிதந்துபோய்
தவளை பாய்ந்தால் உடைந்து
மறுபடி கூடின.
கொஞ்ச நேரம் நின்றார்.
இடையர்களுக்குள் இருந்த தன் சூசையப்பரைக்
கண்டாரா தெரியாது.

மறுநாள் பொழுதுபட
எமில்டா மச்சாள்
சுளகும் வெங்காயமுமாய்
மூன்றாம் தூணுக்கு அந்தப்பக்கம் வந்து குந்தினா.
குசினியில் பல்ப் போயிற்றாம்.