சூளை அறைக் கொடி

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
தங்கச்சிமடத்தில் நான்காவது நாளாகப் படகுகள்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.
எங்கள் வீட்டில் பதினெட்டுக் குவளைகள்
காய மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கின்றன.

சித்திரையில் இரண்டே நாளில் காயும் மண்தான்.
இது கார்த்திகை.
ஒன்பது நாளாகியும் கன்னத்தில் வைத்தால் சில்லென்கிறது.
சில்லென்றால் உள்ளே தண்ணீர்,
தண்ணீர் இருந்தால் சூளையில் வெடிக்கும்.
இதைக் கற்றுக்கொள்ள
எனக்கு நாற்பத்தொரு குவளைகள் செலவாயின.

இதையெல்லாம் குளிர் என்றால்
கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
விடியுமுன் வாளித் தண்ணீரில் கைவிட்டுச்
சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.
இன்பென்ட் எனக்காக ஒரு சட்டி வெந்நீர் வைக்கிறான்,
அதில் பாதியைத் தன் குளியலுக்கு எடுத்துப் போகிறான்.
இது அன்பா கணக்கா
ஏழு வருடமாக விளங்கவில்லை.

முன்னறை சக்கரத்துக்கு.
படுக்கையறை அலமாரி காயவைக்க.
கட்டிலுக்கடியில் மண் மூட்டைகள்;
இரவெல்லாம் அடைகாக்கிறோம், ஒன்றும் பொரிவதில்லை
என்பான் அவன், திரும்பிப் படுத்துக்கொண்டே.
வாடை அடித்தால் சன்னல் கம்பியில் உப்புப் பூக்கிறது.
மோட்டார் சுவிட்சை மாதம் ஒருமுறை மாற்றுகிறோம்.

வெள்ளிக்கிழமை சூளை ஏற்றினோம்.
முந்தின ஈட்டில் காய்ந்தவை பன்னிரண்டு,
மதுரையில் ஒரு காபிக் கடைக்கு.
தெருவுக்கு எப்படித்தான் தெரிகிறதோ,
மூடி இறக்கிய அரைமணியில் செபமாலை அக்கா வந்தாள்:
ஒரு சட்டை, ஒரு பாவாடை, நான்கு சாக்ஸ்.
"திங்கக்கெழம அரையாண்டு.
இந்த மழையில நான் எங்க போயி காயப்போட?"
அவள் பின்னால் இன்னும் இரண்டு வீடு.
அவர்கள் பின்னால்
நனைந்த வங்கிப் புத்தகத்தோடு சாகுல் அண்ணன்.

இன்பென்ட் சுவரில் ஆணி அடித்தான்.
சூளையிலிருந்து ஆறடி, அளந்து கட்டினான் கொடியை.
அலுத்துக்கொண்டேதான் கட்டினான்.
கிளிப் போதாமல் என் தலைக் கிளிப்பையும் கேட்டான்.

இரவு பதினொன்று நாற்பது,
எழுநூற்று நாற்பது டிகிரியில்
கரண்ட் போனது.

திறக்கவும் முடியாது, திட்டவும் ஆளில்லை.
இருட்டில், சூளை டிக் டிக்கென்று சுருங்குவதைக் கேட்டபடி
சிமெண்ட் தரையில் உட்கார்ந்தோம்.
வெளியே ஓட்டில் மழை.
வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.
போன் வெளிச்சத்தில் கூலியையும் மண் விலையையும் கூட்டினான்,
கழித்தான், போனை அணைத்தான்.
யார் யார் பிள்ளைகளின் உடுப்புகளோ
எங்கள் தலையில் உரசின.
ஒரு கையைப் பிடித்து அளந்து பார்த்தான்.
"ரெனோ எத்தனாவது?"
"ஆறு."
"ஆறாவதுக்கு இம்புட்டுச் சின்னச் சட்டையா?"
நான் பதில் சொல்லவில்லை.
பிடித்த கையை அவன் விடவும் இல்லை.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தபோது நானூற்று எண்பது.
மறுபடி முதலிலிருந்து ஏறவிட்டோம்.

திங்கள் காலை உடுப்புகள் போயின,
லேசாகக் கருகல் வாசனையோடு.
பதிலுக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வந்தது;
கடல் மூடிக் கிடக்கையில் அது பெரிய விலை.
சூளையைத் திறந்தோம்.
மூன்றில் கைப்பிடி விரிசல்.
நீலம் கேட்டிருந்தார்கள்,
வந்ததோ மழைக்காலத்துக் கடலைப் போல
பச்சையுமில்லாத சாம்பலுமில்லாத ஒன்று.
எனக்குப் பிடித்திருக்கிறது. அது கணக்கில் வராது.
படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினான்.
இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.
பதில் இல்லை.

கொடியில் ஒற்றை சாக்ஸ் மட்டும் மிச்சம்,
தேடி யாரும் வரவில்லை.
பழக்க தோஷத்தில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
காய்ந்துவிட்டது.
அலமாரியில் அந்தப் பதினெட்டும்
இன்னும் சில்லென்றுதான் இருக்கின்றன.
இன்பென்ட் வெந்நீருக்கு அடுப்பு மூட்டுகிறான்.